கேதம் சொல்லும் குரல்

தாணுலிங்கம் ஓரிடத்தில் நிலையாக நின்று நான் பார்த்ததில்லை. உடம்பு நின்றாலும் கால் நிற்காது. ஒரு காலால் மற்றக் காலைத் தேய்ப்பார். தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவார், மறுபடி தோளில் போடுவார். அந்தத் துண்டு கக்கத்துக்கு இறங்குவதைப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பெண்கள் கைவேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வருவார்கள். யாரோ போய்விட்டார்கள் என்று அதற்குப் பொருள்.

எங்களூர் இரணியலுக்கும் தக்கலைக்கும் நடுவில், ஒரு குளத்தைச் சுற்றி நூற்றிருபது வீடு. தாணுலிங்கம் முடிவெட்டுகிற குடும்பம். ஊரில் ஒரு சாவு விழுந்தால், உறவுக்காரர் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் போய்க் கேதம் சொல்வது அந்த வீட்டு ஆணின் வேலை. அவருடைய அப்பா இசக்கி நடந்து போய்ச் சொன்னார். இவர் சைக்கிளில் போனார். எழுதும்போது அவர் என்று எழுதுகிறேன். நேரில் வா, போ என்றுதான் கூப்பிட்டேன். என்னைவிடப் பதினோரு வயது இளையவர், ஆனால் காரணம் அதுவல்ல. என் மகன்கூட அவரை அப்படித்தான் கூப்பிட்டான்.

கேதம் சொல்வதில் அவருக்கு ஒரு முறை உண்டு. செத்தவர் பெயரை எடுத்ததும் சொல்லமாட்டார். முற்றத்தில் நின்று முதலில் வீட்டுப் பெயர், பிறகு யாருக்கு யார், எங்கே பெண் எடுத்தது, எங்கே கொடுத்தது. அதற்குப் பிறகுதான் பெயர்.

"கீழத்தெரு வைத்தியர் வீடு. நீலகண்டப் பாட்டாவுக்கு மூத்த மருமகன், வெள்ளமடத்துக்காரரு, உங்க அம்மைக்கு சித்தப்பா மகன் முறை. கோலப்பன். விடியக்காலம் தவறிட்டாரு. எடுக்கது மூணு மணிக்கு."

தனக்குத் தீட்டு உண்டா, போய் நின்றால் போதுமா, கோடித்துணி எடுக்க வேண்டுமா என்பதெல்லாம் கேட்கிறவருக்கு அதிலேயே விளங்கிவிடும். சொந்தபந்தம் சொல்வதில் எங்களூரில் என்னை யாரும் தோற்கடித்ததில்லை, தாணுலிங்கத்தைத் தவிர.

கடல் உள்ளே ஏறிய அந்த டிசம்பர் ஞாயிற்றுக்கிழமை, மணவாளக்குறிச்சிப் பக்கம் போயிருந்த எங்களூர்க்காரர் மூன்று பேர் திரும்பவில்லை. ஒருவன் என் தம்பி மகன். போன் எதுவும் கிடைக்கவில்லை. தாணுலிங்கம் ஒன்றரை நாளில் பதினான்கு ஊருக்குச் சைக்கிள் மிதித்தார். கால் இரண்டும் வீங்கிப் போயிற்று. பதினாறாம் நாள் அடியந்திரச் சாப்பாட்டுக்கு அவருக்குத் தொழுவத்துக்குப் பக்கத்தில் தனியாக இலை போட்டோம். போடச் சொன்னது நான்தான். அன்றைக்கு அதில் எனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை.

அவர் வீட்டில் ஊர்ச்சங்கம் வரி வாங்காது. வரி வாங்காத வீடு ஊரில் சேர்த்தியில்லை. அவர் கல்யாணத்துக்கு அழைத்தால் நாங்கள் அரிசியும் தேங்காயும் அனுப்புவோம். போய் உட்கார்ந்து சாப்பிடமாட்டோம். மூத்த மகள் கல்யாணத்தில் ஊர்க்காரர் ஒருவர்கூட இல்லாததைப் பார்த்து மாப்பிள்ளை வீட்டார், "நீங்க இந்த ஊரில வாடகைக்கு இருக்கியளா?" என்று கேட்டார்களாம். அந்தப் பெண்ணுக்கு மகன் பிறந்து பள்ளிக்கூடம் போன பிறகும் புகுந்த வீட்டில் அந்தப் பேச்சு ஓயவில்லை. சண்டை வந்தால் மாமியார் எடுப்பது அதைத்தான். "ஊரு இல்லாத்த வீட்டில பெண்ணெடுத்தோம்."

பிறகு எல்லார் கையிலும் மொபைல் வந்தது. சாவை அவரவரே போனில் சொல்லிக்கொண்டார்கள். 2014-ல் ஊர்ச்சங்கச் செயலாளர் குமாரதாஸ், என் நாத்தனாரின் மூத்த மருமகன், சிமெண்ட் கடை வைத்திருக்கிறவன், வாட்ஸ்அப்பில் 'நம்ம ஊர் சொந்தங்கள்' என்று ஒரு குரூப் தொடங்கினான். வரி கட்டும் வீட்டுக்கு இரண்டு மூன்று நம்பர் வீதம் சேர்த்தான். மஸ்கட்டில் இருக்கும் என் மகனும் அதில் உண்டு, என் மருமகளும் உண்டு. எனக்கும் ஒரு போன் வாங்கித் தந்து உள்ளே இழுத்துப் போட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிக்க நேரமாகும். பேசி அனுப்பினால் கேட்பேன்.

தாணுலிங்கத்தை யாரும் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை. கேதம் சொல்லப் போகாத கால் என்ன செய்யும்? காலையில் குளத்தைச் சுற்றுவார், மத்தியானம் பேருந்து நிறுத்தம் வரை போவார், வருவார். "யம்மா, யாருக்காச்சும் சுகமில்லியா?" என்று என் முற்றத்தில் வந்து கேட்பார். "உனக்குத்தான் கிறுக்கு" என்று நான் சொல்வேன்.

அடுத்த வருடம் ஒரு காரியம் நடந்தது. குரூப்பில் ஒருநாள் காலை, 'தாணம்மாள் காலமானார். தகனம் மாலை 4 மணி' என்று போட்டிருந்தார்கள். சுசீந்திரத்துச் சாமி பெயரை வைத்து எங்களூரில் அப்போது மூன்று தாணம்மாள். இறந்தது குளத்தங்கரைத் தாணம்மாள். வெள்ளமடத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் மாலையோடு வந்து மேலத்தெருத் தாணம்மாள் வாசலில் இறங்கினார்கள். அவள் முற்றத்தில் தேங்காய் உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"யாருக்குலே மாலை?"

ஒரு பெண் அழத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"வந்ததுதான் வந்திய, ரெண்டு வருசம் களிச்சு வந்திருக்கப்பிடாதா? வேன் வாடகையாவது மிச்சம்" என்றாள் அவள்.

ஊர் சிரித்தது. குளத்தங்கரைத் தாணம்மாளின் வீட்டில் சிரிப்பில்லை. வடசேரியில் இருக்கும் அவள் கூடப்பிறந்த தம்பி, செத்தது மேலத்தெருக்காரி என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டார். அவர் வந்து சேரும்போது அக்காவை எரித்து முடித்திருந்தார்கள். சுடுகாட்டுப் பாதையில் உட்கார்ந்து குமாரதாஸைப் பார்த்து, "ஒரு ஆளு வந்து சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே" என்று அழுதார்.

மறுநாள் குமாரதாஸ் தாணுலிங்கத்தின் வீட்டுக்குப் போனான். அங்கே முற்றத்தில் நின்றது அவன்.

"தாணு, இனிமே நீ பேசித் தா. நான் பதிஞ்சு குரூப்பில போடுகேன்."

உள்ளேயிருந்து பிந்து வந்தாள். இளைய மகள், தக்கலையில் ஒரு இன்டர்நெட் சென்டரில் வேலை. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் என்று ஊரில் பாதிப் பேருக்கு விண்ணப்பம் போட்டுக் கொடுப்பவள்.

"நீங்க என்னத்துக்கு மாமா பதியணும்? அப்பாவ குரூப்பில சேருங்க. அவரே சொல்லுவாரு."

"வரி குடுக்காதவங்கள சேக்க வகையில்ல பிள்ளே."

"நாங்க குடுக்க மாட்டோம்னா சொன்னோம்? நீங்கதான வாங்க மாட்டிய."

குமாரதாஸ் செருப்பால் மணலைக் கீறிக்கொண்டிருந்துவிட்டு, "வரிக் காரியம் கூட்டத்தில பேசணும். இப்ப நம்பரத் தா" என்றான். அப்படித்தான் சேர்ந்தார். வரிக் காரியத்தைக் கூட்டத்தில் யாரும் பேசவில்லை.

பிந்து பழைய டச் போன் ஒன்றைச் சரிசெய்து கொடுத்தாள். பேசுவதற்கு அழுத்தவேண்டிய மைக் படம் ஒன்றை மட்டும் பழக்கினாள். எழுத்து வேண்டாம், கட்டைவிரல் போதும். முதல் கேதத்தை அவர் சொன்னதை நான் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். போனிடம் பேசுவதற்கும் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கிணற்றுக்கும் தென்னைக்கும் நடந்துகொண்டே சொன்னார். மூச்சிரைப்பும் சேர்ந்து பதிவானது. வீட்டுப் பெயர், யாருக்கு யார், கொடுத்த ஊர், எடுத்த ஊர், பெயர், நேரம். ஒன்று தவறவில்லை. மஸ்கட்டிலிருந்து என் மகன் அன்றைக்கே கூப்பிட்டான்: "அம்மா, தாணு சத்தம் கேட்டு ஊரில நிக்கது போல இருந்து."

ஒருநாள் என் முற்றத்தில் நின்று அவரே சொன்னார். "யம்மா, நாப்பது வருசமா ஒரு வீட்டிலயும் நான் முத்தம் தாண்டினதில்ல. இப்பம் பாருங்க, என் சத்தம் கட்டில் வரைக்கும் போவுது. சிலரு தலைமாட்டிலதான் வச்சிருக்காவளாம்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் போனும் தலைமாட்டில்தான் கிடந்தது. அதில் அவர் நம்பரை என் மருமகள் 'கேதம் தாணு' என்று சேர்த்து வைத்திருந்தாள்.

ஒரு வருடத்தில் ஊருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அவர் நம்பரிலிருந்து குரல் வந்தால் கேட்பதற்கு முன்னாலேயே கைகூப்பும் படத்தைப் போட்டுவிடுவார்கள். 'ஆழ்ந்த இரங்கல்' என்று சிலர். பிறகு ஆற அமரக் கேட்பார்கள்.

2016 ஆவணியில் பிந்துவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை மார்த்தாண்டத்துப் பிரதீஷ், துபாயில் ஏசி மெக்கானிக். பேச்சு முடித்து எழும்பும்போது மாப்பிள்ளையின் தாய்மாமன் கேட்டார்: "உங்க ஊர்க்காரங்க எத்தன பேரு வருவாவ? நாங்க வந்து இறங்கும்ப வாசல்ல ஆளு வேணும், கேட்டியளா."

தாணுலிங்கத்துக்கு மூத்தவள் நினைவு வந்திருக்கும். சட்டென்று சொல்லிவிட்டார்: "ஊரே வரும். நான் ஊர்க் குரூப்பில உள்ள ஆளாக்கும்."

சொன்ன நிமிடத்திலிருந்து அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அழைப்பிதழை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனால் என்ன நடக்கும் என்று தெரியும். முற்றத்தில் நிற்கவைத்து வாங்கிக்கொள்வார்கள், அரிசி வரும், ஆள் வராது. பிந்து எவ்வளவோ சொன்னாள்.

"நான் பேசி அனுப்புகேன்பா. இல்லெங்கில் கார்ட போட்டோ எடுத்துப் போடுகேன்."

"என் மகளுக்குக் கல்யாணம், நான்தான் சொல்லணும். எல்லாவனுக்க கேதத்தையும் சொன்ன வாயிதானே? ஒரு நல்ல காரியம் சொல்லட்டும்."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை சொன்னார். கிணற்றுக்கும் தென்னைக்கும் நடந்துகொண்டுதான். நாற்பது வருடம் பழகிய வாய் பழகியபடியே போயிற்று. வீட்டுப் பெயர். இசக்கிக்குப் பேத்தி, தாணுலிங்கத்துக்கு இளைய மகள். பிந்து. கல்யாணம் என்ற சொல் வருவதற்கு அரை நிமிடம் ஆயிற்று. அதுவரை யார் கேட்பார்கள்?

முதல் கைகூப்பு குமாரதாஸ் போட்டது. அடுத்தடுத்து விழுந்தன. 'ஆழ்ந்த இரங்கல்.' 'ஆத்மா சாந்தியடையட்டும்.' பெயர் வரைக்கும் மட்டும் கேட்ட ஒருவன், 'நல்ல பிள்ளை, தாங்க முடியவில்லை' என்று எழுதினான். ஒருத்தி, 'எடுக்கது எத்தனை மணிக்கு?' என்றாள். மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று பேர். அதில் என் நம்பரும் உண்டு. என் போனை எடுத்து மருமகள் போட்டுவிட்டாள். கேட்டுப் பார்க்காமல் கொடுத்தது நான். போட்டதை எல்லாருக்கும் அழிக்கிற வசதி அப்போது இல்லை. அது அங்கேயே கிடந்தது.

பிந்து சென்டரில் இருந்தபடி, விண்ணப்பத்துக்காக ஊர்க்காரர் ஒருவர் நீட்டிய போனில் தன்னுடைய இரங்கலை வாசித்தாள். முதலில் சிரித்தாளாம். மேஜைக்கு அந்தப் பக்கம் நின்றவர், "என்ன மோளே?" என்று கேட்கவும் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வந்து அப்பாவின் போனைப் பிடுங்கி அரிசிப் பானைக்குள் போட்டு மூடினாள்.

"உங்களுக்கு அவிய தந்த இடம் இதாக்கும். பாத்தியளா? இதுக்காப்பா நாம கெஞ்சிச் சேந்தோம்?"

இரண்டு நாள் குரூப்பில் ஒரு சத்தமில்லை. காலை வணக்கம் போடுகிறவர்கள்கூடப் போடவில்லை. நேரில் போய் மன்னிப்புக் கேட்க ஒருவருக்கும் முகமில்லை. எனக்கும் இல்லை. தாணுலிங்கம் குளத்தைச் சுற்றினார். நான் வேலியருகே நின்று எண்ணினேன், ஒரு காலையில் பதினொரு சுற்று. கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்றாம் நாள் அவர் அரிசிப் பானையிலிருந்து போனை எடுத்தார். அந்த நாற்பத்து மூன்று பெயரையும் பிந்துவை வாசிக்கச் சொன்னார். ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எனக்கும் வந்தது.

"யம்மா, தாணுவாக்கும். எங்க வீட்டுத் துட்டிக்கு நீங்க கைகூப்பியிருக்கிய."

"தாணு, அது மருமவ தெரியாம..."

"அது கிடக்கட்டும். இரங்கல் போட்டவங்க பதினாறு நாளுக்குள்ள நேரில வந்து கேக்கணும், அதுதான முறை? நான் சொல்லி உங்களுக்குத் தெரியாண்டாம். எண்ணிப் பாத்தா, கல்யாணத் தேதி பதினாலாம் நாளு வருது. அண்ணைக்கு வந்தா துட்டி கேட்டது போலயும் ஆச்சு, இலையில இருந்தது போலயும் ஆச்சு. வராம இருந்தா, என் பிள்ள செத்ததுண்ணு நீங்க போட்டது அப்படியே நிக்கும்."

குரலில் கோபமில்லை. கேதம் சொல்கிற அதே நிதானம். போனை வைத்துவிட்டு நாட்காட்டியில் பதினாலாம் நாளை எண்ணிப் பார்த்தேன். அன்று சாயங்காலம் குமாரதாஸ் என்னிடம் வந்து, "அத்தே, அவன் என்னையும் கூப்பிட்டான். என்ன செய்ய?" என்றான். "நீ போட்ட கும்பிடு, நீதான் எடுக்கணும்" என்றேன். அவனுக்குச் சொன்னது எனக்கும்தான்.

கல்யாணம் தக்கலையில் ஒரு சின்ன மண்டபத்தில். தாணுலிங்கம் பட்டுக்கரை வேட்டியும் புதுச் சட்டையுமாக வாசலுக்கும் சாலைக்கும் நடந்துகொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டு வண்டி வருவதற்குள் ஊரிலிருந்து யார் வருகிறார்கள் என்று பார்த்தபடி. முதலில் வந்தது, தேங்காய் உலர்த்தின மேலத்தெருத் தாணம்மாள். இரங்கல் போடாதவள், போனே இல்லாதவள். "செத்தவளுக்குத் தாலிகெட்டு நடக்குதுண்ணு கேள்விப்பட்டேன். நானும் செத்தவதானே, வந்துட்டேன்" என்றாள். அவருக்குச் சிரிக்கவும் நேரமில்லை. கழுத்தை நீட்டிச் சாலையைப் பார்த்தார். பிறகு ஒரு வேன். நான், என் மருமகள், குமாரதாஸ், இன்னும் பதினெட்டுப் பேர். அதன் பின்னால் இரண்டு ஆட்டோ. நாற்பத்து மூன்றில் இருபத்தேழு. மற்றவர்கள் வரவில்லை.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து இறங்கியபோது வாசலில் ஆள் இருந்தது. ஆனால் வாசலில் நிற்பது வேறு, இலையில் உட்காருவது வேறு. தாலி கட்டி முடிந்ததும் நாங்கள் நாற்காலியை விட்டு எழும்பாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். தாணுலிங்கம் பந்திக் கூடத்தின் வாசலில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றார். குமாரதாஸ் எழும்பினான். "வயிறு பசிக்கலியாடே ஒருத்தனுக்கும்?" என்று கேட்டுக்கொண்டே போய் முதல் இலையில் உட்கார்ந்தான். நான் அவனுக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்தேன்.

பருப்பும் நெய்யும் முடிந்து சாம்பார் வந்துகொண்டிருந்தது. அப்போது தாணுலிங்கத்தின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துக் கேட்டார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு தோளிலிருந்து இறங்கிக் கக்கத்துக்குப் போயிற்று.

வரிசை முழுக்க அதைப் பார்த்தது. கைகள் இலைமேல் அப்படியே நின்றன.

எனக்கு யார் என்று தெரிந்துவிட்டது. மேலத்தெருச் சிதம்பரதாணு நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் எட்டு நாளாகக் கிடந்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன், எனக்குக் கொழுந்தன். சொல்லைக் காதில் வாங்கிவிட்டால் நான் இலையை மூடி எழும்ப வேண்டும். நான் எழும்பினால் என் வரிசை எழும்பும். பிறகு இந்த மண்டபத்தில் யார் சாப்பிடுவார்கள்? கேதத்தை ஒரு நிமிடம்கூடத் தாமதித்தறியாத ஆள் அவர். அவர் முகத்தில் வியர்வை வழிந்தது. கால் முன்னே ஓரடி, பின்னே ஓரடி. திரும்பி மணமேடையைப் பார்த்தார், பிந்து அங்கே உட்கார்ந்திருந்தாள். பிறகு வந்து குமாரதாஸின் காதருகே குனிந்தார்.

குமாரதாஸ் கேட்டான். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை ஒரு நொடி நின்றது. பிறகு கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: "என்னடே எல்லாரும் வாயைப் பொளந்து பாக்கிய? பாயசம் இப்பம் விடலாமாண்ணு கேக்காரு. விடச் சொல்லுங்க."

யாரோ சிரித்தார்கள். கைகள் அசைந்தன. குமாரதாஸ் என்னை நிமிர்ந்து பார்த்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. என் காதில் எதுவும் விழவில்லை என்று வைத்துக்கொண்டேன். பப்படத்தை நொறுக்கிப் பாயசத்தில் போட்டேன். பழத்தையும் பிசைந்தேன். ரசமும் மோரும் வாங்கினேன். தொழுவத்துக்குப் பக்கத்தில் போட்ட அந்த இலை கண்ணுக்கு முன்னால் இருந்தது.

கைகழுவி வெளியே வந்தபோது தாணுலிங்கம் போனை எடுத்து மைக் படத்தில் கட்டைவிரலை வைக்கப் போனார். குமாரதாஸ் அவர் கையைப் பிடித்தான்.

"வையும். நீரு இண்ணைக்குப் பெண்ணுக்க அப்பன். நான் சொல்லுகேன்."

மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்று, தன் போனில் அவனே சொன்னான். மேலத்தெரு, இன்ன வீடு, இன்னாருக்கு இன்னார். தடுமாறினான். நடுவில் இரண்டு முறை இருமினான். எங்கள் எல்லார் பையிலும் போன் கிணுகிணுத்தது. நான் கேட்டேன். இப்போது எனக்குத் தீட்டு. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு வேனுக்கு நடந்தேன்.

தாணுலிங்கம் பின்னாலேயே வந்தார். முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"எக்கா, கேட்டியளா? ரெண்டாமத்த மகளக் கெட்டிக் குடுத்த வீட்டச் சொல்லாம விட்டுட்டாரு. பத்மநாபபுரத்துக்காரங்க. அவியளுக்கு எப்படித் தெரியும்? இப்பம் வண்டி ஏறினாத்தான நேரத்துக்கு வந்து எத்த முடியும்?"

"நீ உள்ள போ. மாப்பிள்ள வீட்டுக்காரங்க தேடுவாவ."

"போறேன், போறேன்" என்றார். உள்ளே இரண்டடி போனார். திரும்பி வேப்பமரத்தடிக்கு வந்து குமாரதாஸின் முழங்கையைச் சுரண்டினார். மண்டபத்துக்குள்ளிருந்து பிந்து, "அப்பா" என்று கூப்பிட்டாள். துண்டைத் தோளில் போட்டார். பிறகு மறுபடி எடுத்தார்.